குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் செயற்குழு பத்து முறை கூடியது. சுதந்திர தினம், குடியரசு தினம், பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. கீழ்த்தொட்டியும் மேல்தொட்டியும் இரு முறை சுத்தம் செய்யப்பட்டன. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இரவுக் காவலர் ஒருவர் மாறினார்.

இவ்வாண்டின் பெரும்பகுதி மொட்டை மாடியில்தான் கழிந்தது. அதைப் பற்றி விரிவாகச் சொல்வது என் கடமை. பணம் கொடுத்தவர்களுக்கும் இன்னும் கொடுக்காதவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

2024 மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, மூன்றாம் மாடி வீடு ஒன்றின் ஏசியைப் பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். அந்த வீட்டின் அவுட்டோர் யூனிட், தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரின் வெளிப்புறத்தில் இரும்புத் தாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சுவரின் மேல் ஏறி அமர்ந்து, ஒரு காலை வெளியே போட்டு, குனிந்து வேலை செய்தார். உப்புக் காற்றில் அரித்துப் போயிருந்த போல்ட் ஒன்று விட்டது; யூனிட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் பதறி உள்பக்கம் விழுந்ததால் கைச் சிராய்ப்போடு தப்பினார். வெளிப்பக்கம் விழுந்திருந்தால் 45 அடி. தண்ணீர் மட்டம் பார்க்கப் போயிருந்த நான் பத்தடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தேன். அன்றிரவே தலைவருக்குக் கடிதம் எழுதினேன்.

தெருவிலிருந்து நம் கட்டடத்தைப் பார்ப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது ஒன்பது யூனிட்டுகளும் மூன்று கறுப்புத் தொட்டிகளும் குழாய்களும் என்ற குறை பல ஆண்டுகளாக இருந்து வந்தது. வெளிச்சுவருக்கு வண்ணம் பூசியபின் அது இன்னும் உறுத்தியது. முந்தைய செயற்குழு ஒன்று பச்சை வலையும் தகடும் அடித்து மறைத்துப் பார்த்தது. அவர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தகடு நெருக்கமாக இருந்ததால் யூனிட் வெளியே தள்ளிய சூடான காற்று திரும்ப அதற்குள்ளேயே போயிற்று, வெயில் காலத்தில் அழுத்தம் ஏறி கம்ப்ரஸர்கள் தாமாக நின்றன, மின்கட்டணம் கூடியது. கதவு வைக்காமல் திருகாணி போட்டு மூடியதால், பழுதுபார்க்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் தகட்டை வெட்டி வழி செய்துகொண்டார்கள். மிச்சமிருந்ததில் புறாக்கள் குடியேறின. மறைப்பதும் பழுதுபார்க்க வழி விடுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பதை அந்த அனுபவத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

2024 ஜூலையில் கூட்டிய சிறப்புப் பொதுக்குழுவுக்கு 36 வீடுகளில் 11 வீட்டார் வந்தனர். போதிய வருகை இல்லாததால் அரை மணி நேரம் ஒத்திவைத்து மீண்டும் தொடங்கினோம். வந்தவர்கள் அனைவரும் மாடி வேலைக்கு ஒப்புதல் அளித்தனர். மொட்டை மாடி தங்களுக்கு மட்டும் உரியது என்று மேல்மாடி உறுப்பினர் இருவர் பிற்பாடு எழுத்தில் தெரிவித்தனர். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதிகள் எவை என்று சொல்லும் இடத்தில் மொட்டை மாடியையும் சேர்த்தே சொல்கிறது என்பதையும், நமது கிரயப் பத்திரங்களில் மாடி யாருக்கும் தனியாக எழுதித் தரப்படவில்லை என்பதையும் அவர்களுக்குப் பதிலாக அனுப்பினேன். கடிதப் போக்குவரத்து அதோடு நின்றது.

எவ்வளவு உயரத்துக்கு மறைப்பு வேண்டும் என்பதைக் குத்துமதிப்பாக முடிவுசெய்ய நான் விரும்பவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடிக்கு அடி வண்ணக் கோடிட்ட மூங்கில் கழியைக் காவலரிடம் கொடுத்து மாடியில் நிற்கச் சொல்லிவிட்டு, தெருவில் பல இடங்களிலிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன். அனைவரையும் அழைத்திருந்தேன், இரண்டாம் மாடி அம்மையார் ஒருவர் மட்டும் வந்து குறிப்பெழுதி உதவினார். நம் மாடித் தளம் 45 அடி உயரம், கைப்பிடிச் சுவர் 3 அடி. எதிர் நடைபாதை நம் சுவரிலிருந்து 50 அடி. அங்கே நிற்பவரின் பார்வை கைப்பிடிச் சுவரின் விளிம்பைத் தொட்டு மேலேறிச் செல்வதால், சுவரிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி வைத்த எதுவும், தளத்திலிருந்து ஏறத்தாழ 11 அடி உயரம் வரை, அவருக்குத் தெரியாது. நமக்கு நேரெதிரே வந்து முட்டும் குறுக்குத் தெருவில் 200 அடி தள்ளி நின்றால் பார்வைக் கோடு தாழ்ந்துவிடுகிறது. அங்கிருந்தும் 5 அடி வரை மறைந்துவிடும். மூங்கிலும் கணக்கும் விரற்கடை வித்தியாசத்தில் ஒத்துப்போயின.

ஆகவே யூனிட்டுகளைப் பத்தடி உள்ளே நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் ஓரடி உயர மேடையில் வரிசையாக வைத்தாலே தெருப்பக்கம் மறைப்பு எதுவும் தேவையில்லை. மெக்கானிக் தரையில் நின்று வேலை செய்யலாம். யாரும் சுவரில் ஏற வேண்டாம். இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். செலவு மதிப்பீட்டில் பாதிக்கு மேல் அன்று குறைந்தது. செப்டம்பர் இறுதிக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒன்பது யூனிட்டுகளும் நகர்த்தப்பட்டன. செம்புக் குழாய் நீண்டதற்கும் கூடுதல் வாயு நிரப்பியதற்குமான செலவை அந்தந்த வீட்டார் ஏற்றனர்.

மறைப்பு உண்மையில் தேவைப்பட்டது இரண்டு இடங்களுக்கு: லிஃப்ட் மோட்டார் அறையின் மேலுள்ள தொட்டிகளுக்கும், பக்கத்துக் கட்டடத்தின் படுக்கையறைகள் நேராக நோக்கும் மேற்குப் பக்கத்துக்கும். முழுத் தகடு அடித்தால் மலிவு என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தினர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நம் மாடியின் தகரக் கொட்டகை பிய்ந்து மூன்றாவது வீட்டு முற்றத்தில் கிடந்ததை அவர்கள் மறந்திருக்கலாம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரக் குறியீடு சென்னைக்கு வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். தகட்டுச் சுவர் அங்கே கப்பல் பாயாகிவிடும். எனவே சாய்வான அலுமினியப் பட்டைகள் கொண்ட, முகப்பில் பாதி திறந்திருக்கும் லூவர் அமைப்பையே கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தோடு தேர்ந்தெடுத்தோம். சாய்ந்த பட்டை பார்வையைத் தடுக்கும், காற்றை விடும். மேலே கூரை போடச் சொன்னவர்களுக்கும் இதையே சொன்னேன்: சூடான காற்று மேலெழும்ப வழி வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடிகளிலிருந்து குனிந்து பார்த்தால் யூனிட்டுகள் தெரியத்தான் செய்யும். அதை அவர்கள் சங்கத்திடம் நேரில் சென்று விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

மறைப்பின் தூண்களைக் கண்ட இடத்தில் துளையிட்டு நிறுத்தினால் தட்டோடுகள் பதித்த தளம் ஒழுகும். நாலாம் மாடிக்காரர்களுக்கு அந்த வேதனை புதிதல்ல. கட்டடத் தூண்கள் வரும் இடங்களில் மட்டும் தட்டோட்டை எடுத்து, ஓரடி உயரக் கான்கிரீட் அடிக்கட்டை கட்டி, நீர்த்தடுப்புப் பூசி, மூன்று நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்த பிறகே மேல்வேலை தொடங்கியது. கடல் அரைக் கிலோமீட்டரில் இருப்பதால் சாதாரண இரும்பு போல்ட்டைத் தவிர்த்து, துருப்பிடிக்காத எஃகில் 316 ரகத்தை நைலான் வாஷரோடு போடச் செய்தேன். வேறுபட்ட உலோகங்கள் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும். விலை அதிகம் என்ற விமர்சனம் வந்தது. சாய்ந்து தொங்கிய அந்த யூனிட்டின் போல்ட் என் மேசையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பராமரிப்பு வழியைப் பொறுத்தவரை நான் எதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. மறைப்புக்கும் இயந்திரத்துக்கும் இடையே இரண்டரை அடி நடைவழி உண்டு. விசிறிப் பக்கத்தில் நாலடி. மூன்று லூவர் பலகைகள் கீல் வைத்த கதவுகள். அவை வெளிநோக்கித் திறக்கும், திருப்புளி தேவையில்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, காவலர் அறையில், பதிவேட்டோடு இருக்கும். தொட்டிக்குச் சென்ற செங்குத்து இரும்பு ஏணிக்குப் பதிலாக, இருபுறமும் கைப்பிடியுள்ள சாய்வுப் படி வைத்திருக்கிறோம். தொட்டி கழுவ வருபவர்கள் இனி ஒரு கையில் வாளியோடு தொங்க வேண்டியதில்லை. லிஃப்ட் மோட்டார் அறைக் கதவும் மழைநீர்க் குழாய் வாய்களும் மறைப்புக்கு வெளியே விடப்பட்டன. துணி காயும் கொடிகள் கிழக்கே மாற்றப்பட்டதில் சிலருக்கு வருத்தம் உண்டு; வடகம் காயவைக்கும் இடம் அப்படியே இருக்கிறது.

தொட்டிகளைச் சுற்றிய மறைப்பு 2025 மார்ச்சில் முடிந்தது. மேற்குப் பக்க மறைப்பு முடியவில்லை. ஆறு அடிக்கட்டைகள் கம்பிகளோடு நிற்கின்றன. கம்பிகளில் துரு படரத் தொடங்கிவிட்டது. இதற்குக் காரணம் ஒப்பந்தக்காரர் அல்லர். மாடி வேலைக்கான சிறப்பு நிதியை 36 வீடுகளில் 25 வீட்டார் கட்டியுள்ளனர். நான்கு வீட்டார் தவணை கேட்டுக் கட்டி வருகிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. மீதமுள்ள ஏழு வீட்டாருக்கு மூன்று முறை கடிதமும் அதற்கு மேல் வாட்ஸாப் செய்திகளும் அனுப்பப்பட்டன. இவர்களில் நால்வர் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள். வாடகை மாதந்தோறும் தவறாமல் அவர்கள் கணக்கில் சேர்கிறது. நேரில் வந்து "இது அழகு வேலைதானே, அவசரம் என்ன?" என்று கேட்டவருக்குச் சொன்ன பதிலை இங்கும் பதிவுசெய்கிறேன்: அன்று அந்தச் சுவரின்மேல் அமர்ந்திருந்த இளைஞருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

கணக்கு வகையில், வழக்கமான பராமரிப்புச் செலவுகள் வசூலுக்குள் அடங்கின. மாடி வேலையின் பற்றாக்குறைக்காக, சங்கத்தின் நிரந்தர இருப்பான கார்ப்பஸ் நிதியிலிருந்து செயற்குழு ஒப்புதலோடு ஒரு தொகை தற்காலிகமாக எடுக்கப்பட்டது. நிலுவை வந்ததும் திருப்பிச் செலுத்தப்படும். முழு விவரம் பொருளாளர் வைக்கும் தணிக்கை செய்த அறிக்கையில் உள்ளது.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், காவலர்கள், துப்புரவுப் பணியாளர், ப்ளம்பர், எலெக்ட்ரீஷியன், வரைபடம் தந்த பொறியாளர் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. மூங்கில் கழியோடு வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காவலருக்குத் தனியாக நன்றி சொல்கிறேன்.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவின்றிச் சொல்கிறேன். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மேற்குப் பக்கத் தூண்கள் ஏறாவிட்டால், துருப்பிடித்த கம்பிகளை வெட்டி அடிக்கட்டைகளை மீண்டும் கட்ட வேண்டிவரும். அந்தச் செலவு ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் மேலும் விழும். நான் மூன்றாவது ஆண்டாக இப்பொறுப்பில் இருக்கிறேன். வேறொருவர் முன்வந்தால் வரைபடங்கள், அளவுப் புத்தகம், சாவிப் பதிவேடு அனைத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயார். எவரும் முன்வராவிட்டால் தொடர்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஏழு வீட்டு நிலுவைக்கு இக்கூட்டம் ஒரு கெடு நாளைத் தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டும். கூட்டம் முடிந்ததும் மாடிக் கதவு திறந்திருக்கும். புதிய படியில் ஏறிப் பார்க்க விரும்புவோருடன் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்