நட்சத்திர வீரருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், ஒப்பந்தக் காலம் முடிந்த நட்சத்திர வீரரை அவருடைய அணி எப்பாடுபட்டாவது தக்கவைத்துக்கொள்ள வேண்டுமா என்று ரசிகர்களிடையே நடக்கும் வாதத்தைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விசுவாசத்தைப் பேசுவோரின் தரப்பையும் கணக்கைப் பேசுவோரின் தரப்பையும் கட்டுரையாளர் நேர்மையாகவே எடுத்துவைத்திருக்கிறார். ஆனால் ‘வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா’ என்பதைத் தாண்டி இரு தரப்பினருமே போகவில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. இந்த ஆட்டத்தை நெடுநாளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வீரரை எத்தனை ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்கிறார்கள் என்பதுதான் அணியின் பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது. ரசிகர்களின் வாதமும் அதைப் பற்றியே இருக்க வேண்டும்.

இரண்டு வீரர்களை அருகருகே நிறுத்திப் பார்த்தாலே இது விளங்கும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஆல்பர்ட் புஹோல்ஸ், 2011-இல் மேஜர் லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை வென்ற கையோடு ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தார். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ஃப்ரெடி ஃப்ரீமன், 2021-இல் அதே பட்டத்தை வென்ற கையோடு வெளியே வந்தார். இருவரும் முதல் பேஸை (பேட்டர் ஓடித் தொட வேண்டிய முதல் இடத்தை) காத்து ஆடியவர்கள், இருவரும் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றவர்கள். புதிய அணியின் சீருடையில் முதன்முதலாகக் களமிறங்கியபோது இருவருக்கும் வயது 32. புஹோல்ஸுக்கு ஏஞ்சல்ஸ் அணி பத்து ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் கொடுத்தது. ஃப்ரீமனுக்கு டாட்ஜர்ஸ் அணி ஆறு ஆண்டுகளுக்கு 16.2 கோடி டாலர் கொடுத்தது. வகுத்துப் பார்த்தால், ஆண்டொன்றுக்கு அதிகம் பெறுபவர் ஃப்ரீமன்தான். ஆனாலும் மேஜர் லீகின் மோசமான ஒப்பந்தங்களைப் பட்டியலிடும் ரசிகர் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, புஹோல்ஸின் பெயரையே சொல்கிறார்கள்.

புஹோல்ஸின் ஒப்பந்தத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் 1.2 கோடி டாலரில் தொடங்கிய அவருடைய சம்பளம், ஆண்டுக்காண்டு ஏறி, பத்தாம் ஆண்டில் 3 கோடி டாலரைத் தொடும்படி அது எழுதப்பட்டிருந்தது. 2012 முதல் 2016 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 10 கோடி டாலர், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர். முதல் ஐந்து ஆண்டுகளில் அவர் அடித்த ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் அடிகள்) 146. அதில் 2015-ஆம் ஆண்டில் மட்டும் 40. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அடித்தவை 76. இவற்றுள் 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோயால் 60 ஆட்டங்களாகச் சுருங்கியது என்பதையும், 2021 மே மாதத்திலேயே அணி அவரை விடுவித்துவிட்டது என்பதையும் கணக்கில் கொண்டாலும் சரிவு சரிவுதான். ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டான 2013-லேயே பாத வலியால் சீசனை ஜூலையோடு அவர் முடித்துக்கொண்டார். 32 வயதில் வந்த ஒருவருக்கு, 41 வயதில் வாழ்நாளிலேயே மிக உயர்ந்த சம்பளம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் மீதுதான் பழி விழ வேண்டும். அதே மனிதரை ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்திருந்தால், அதையும் மோசமான ஒப்பந்தம் என்று இன்று யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அவரை விட்டுவிட்ட செயின்ட் லூயிஸ் நிர்வாகத்தைத் தீர்க்கதரிசிகள் என்று பலரும் புகழ்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அணியும் அவருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் தரவே முன்வந்ததாக அன்றைய செய்திகள் கூறின. தொகைதான் குறைவு. வேறொருவர் அதிகம் கொடுத்ததால் அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நல்லூழ் அத்துடன் நிற்கவில்லை. நட்சத்திர வீரரை இழந்ததற்கு ஈடாக, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் அவர்களுக்குக் கிடைத்த 19-ஆம் இடத்தில் மைக்கேல் வாக்கா என்ற பிட்சரை (பந்து வீசுபவரை) எடுத்தார்கள். மறு ஆண்டே, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் இறுதித் தொடரின் சிறந்த வீரராக அவர் தேர்வானார், அணியும் வேர்ல்ட் சீரிஸ் வரை சென்றது. புஹோல்ஸை வாங்கிய ஏஞ்சல்ஸ் அணியோ, அந்தப் பத்தாண்டுகளில் 2014-இல் ஒரே ஒருமுறை பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்து, கன்சாஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. மைக் டிரவுட் போன்ற தலைசிறந்த ஒரு வீரரைக் கையில் வைத்துக்கொண்டும் இதுதான் நிலை.

அட்லாண்டாவின் கதை எதிர்த்திசையில் நடந்தது. ஃப்ரீமன் ஆறு ஆண்டுகள் கேட்டார் என்றும், ஐந்துக்கு மேல் போக அணி தயங்கியது என்றும் அப்போது செய்திகள் வந்தன. அந்த ஒற்றை ஆண்டுத் தயக்கத்தின் விலை என்ன என்பதை 2024 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பத்தாவது இன்னிங்ஸ், இருவர் அவுட், மூன்று பேஸிலும் ஆட்கள், ஓர் ஓட்டம் பின்தங்கிய நிலை. கணுக்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்த ஃப்ரீமன், முதல் பந்தையே வலப்புற ரசிகர்களிடையே அடித்து அனுப்பினார். வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஓர் ஆட்டம் கிராண்ட் ஸ்லாமோடு, அதாவது மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்னோடு, முடிந்தது அதுவே முதல்முறை. 2025 வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டம் பதினெட்டாவது இன்னிங்ஸ் வரை இழுத்தபோதும் அதை முடித்துவைத்த ஹோம் ரன் அவருடையதே. இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் டாட்ஜர்ஸுக்குத்தான்.

அட்லாண்டா கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃப்ரீமனைவிட நான்கு வயதுக்கும் மேல் இளையவரான மேட் ஓல்சனை ஓக்லாந்து அணியிடமிருந்து வாங்கி, எட்டு ஆண்டுகளுக்கு 16.8 கோடி டாலரில் ஒப்பந்தம் செய்தார்கள். 2023-இல் அவர் 54 ஹோம் ரன்கள் அடித்து அணியின் சாதனையையே முறியடித்தார். அந்த இடத்தில் ஆட நாளை யார் வருவார் என்பதற்கு விடை கையில் இருந்தால்தான் ஓர் அணி தன் நட்சத்திர வீரரை விடலாம். அந்த விடை இல்லாமல் ‘வயதாகிவிட்டது, போகட்டும்’ என்று சொல்லும் ரசிகர்கள், போனவரின் இடத்தில் யாரைப் பார்க்கப்போகிறார்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் பேசுவது நல்லது.

அப்படியானால் அணிகள் ஏன் இப்படி நீண்ட ஒப்பந்தங்களை எழுதுகின்றன? கட்டுரையாளர் இதை உரிமையாளர்களின் ஆசை என்று ஒரு வரியில் கடந்துவிட்டார். காரணம் பெரும்பாலும் விதியிலேயே இருக்கிறது. மேஜர் லீகில் மொத்தச் சம்பளத்துக்குக் கடுமையான உச்சவரம்பு கிடையாது, அதற்குப் பதிலாக ஆடம்பர வரி என்ற ஏற்பாடு உண்டு. 2025-ஆம் ஆண்டுக்கு அந்த வரி தொடங்கும் மொத்தச் சம்பள எல்லை 24.1 கோடி டாலர். அதைத் தாண்டும் தொகைக்கு அணி வரி கட்ட வேண்டும், தொடர்ந்து தாண்டினால் வரி விகிதமும் ஏறும். வரியைக் கணக்கிடும்போது ஒரு வீரருக்கு அந்த ஆண்டில் உண்மையில் கொடுத்த பணத்தைப் பார்ப்பதில்லை, ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியைப் பார்க்கிறார்கள். ஆகவே ஒரே தொகையை ஆறு ஆண்டுகளுக்குப் பதிலாகப் பத்து ஆண்டுகளுக்குப் பரப்பினால் ஆண்டுச் சராசரி குறைகிறது, இன்றைய வரி மிச்சமாகிறது. பிலடெல்பியா அணி 2019-இல் பிரைஸ் ஹார்ப்பருக்கு 13 ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் கொடுத்தபோது ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 2.5 கோடியில் அடங்கியது இவ்வாறுதான். அவருக்கு அப்போது வயது 26 என்பதால் அந்த அணி செய்தது எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது. 32 வயதில் இருப்பவருக்கு அதே உத்தியைக் கையாளும்போதுதான், இன்று மிச்சப்படுத்தும் வரியை நாளைய அணியின் தலையில் கட்டுகிறோம்.

விசுவாசத்தைப் பற்றிப் பேசும் ரசிகர்களின் பக்கமும் நியாயம் உண்டு. அதை வெறும் உணர்ச்சி என்று தள்ளுவது தவறு. ஒரு வீரர் மேஜர் லீகில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய பிறகே தன் விருப்பப்படி அணி மாற முடியும். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே ஓடிவிடும். 2001-இல் புஹோல்ஸ் அறிமுகமானபோது அந்தக் குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர். அந்த ஆண்டில் அவர் 37 ஹோம் ரன்கள் அடித்து, ஆண்டின் சிறந்த புதுமுகமாக ஒருமனதாகத் தேர்வானார். இதற்கும் முந்தைய தலைமுறையினருக்கு இந்த உரிமைகூட இல்லை. தன்னைக் கேட்காமலேயே வேறோர் அணிக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்த கர்ட் ஃபிளட், 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975 டிசம்பரில், வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையிலான தகராறை விசாரித்த நடுவர் ஒருவரின் தீர்ப்பு வந்த பிறகே அந்த உரிமைக்குக் கதவு திறந்தது. இவ்வளவையும் அறிந்த எவருக்கும், அதிகம் தரும் அணிக்குப் போகும் வீரரைப் பணத்தாசை பிடித்தவர் என்று ஏச மனம் வராது. இளமையில் குறைவாகக் கொடுத்து அணி சேர்த்துக்கொண்ட கடன் உண்மையில் இருக்கிறது. அதைக் கால் ஓயும் வயது வரை இழுத்துப் போகாமல், ஆட்டம் இன்னும் கையில் இருக்கும் ஆண்டுகளிலேயே கூடுதல் சம்பளமாகத் தீர்த்துவிட வேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது.

அவ்வாறு செய்யத் தவறும்போது வீரரும் துன்பப்படுகிறார் என்பதற்குப் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கிறிஸ் டேவிஸ் சாட்சி. ஹோம் ரன் மன்னனாகத் திகழ்ந்த அவரை 2016 ஜனவரியில் ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலரில் அணி தக்கவைத்துக்கொண்டது. 2018-இல் அவருடைய பேட்டிங் சராசரி .168, அதாவது ஆயிரம் முறை பேட் செய்தால் 168 ஹிட் (பேட்டரைப் பேஸில் சேர்க்கும் அடி) என்ற கணக்கு. அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலுமாகத் தொடர்ந்து 54 முறை பேட் செய்தும் ஒரு ஹிட் கூட வரவில்லை. ஒருகாலத்தில் அவருக்காக எழுந்து நின்று கைதட்டிய அரங்கத்திலேயே கேலிக் கூச்சல் எழுந்தது. ஒப்பந்தம் முடிவதற்குள்ளாகவே 2021-இல் அவர் ஓய்வை அறிவித்தார். இதற்கு நேர்மாறாக, ஏஞ்சல்ஸ் சீருடையில் புஹோல்ஸ் 2019 ஜூனில் முதன்முறையாக செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி வந்தபோது, அவர் பேட் செய்ய வந்த ஒவ்வொரு முறையும் அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓயட்டும் என்று செயின்ட் லூயிஸின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) யாடியர் மொலினா தன் இடத்தை விட்டு முன்னால் வந்து நின்று, பழைய நண்பரைக் கட்டித் தழுவினார். மறுநாள் எதிரணிக்காரராக அவர் ஹோம் ரன் அடித்தபோதும் அதே மக்கள் அவரை வெளியே வரச்சொல்லி ஆரவாரித்தார்கள். உரிய காலத்தில் பிரிந்த வீரர்மீது ரசிகர்களின் அன்பு குறைவதில்லை என்று நான் நம்புவதற்கு இது ஒன்றே போதும்.

வேறோர் அணி பத்து ஆண்டுகள் தரும்போது நாம் ஆறு ஆண்டுகளே தந்தால் அவர் போய்விட மாட்டாரா என்று கேட்பார்கள். போவார், சில வேளைகளில் போகத்தான் செய்வார். ஒரு பேட்டருக்கு 37 வயது வரை ஒப்பந்தம் தருவதும், அதற்கு மேல் ஆண்டுதோறும் ஆட்டத்தைப் பார்த்து நீட்டிப்பதும் சரி என்று நான் நினைக்கிறேன். நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் விதிவிலக்கு ஆகலாம். 2022-இல் 62 ஹோம் ரன்கள் அடித்த பிறகு அவருக்கு ஒன்பது ஆண்டுகள், 36 கோடி டாலர். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் சிறந்த வீரர் விருதை வென்ற அவரை வைத்துக்கொண்டது தவறு என்று இன்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒப்பந்தம் அவருக்கு 39 வயதாகும் 2031-இல்தான் முடிகிறது என்பதால், தீர்ப்புச் சொல்லும் நாள் இன்னும் வரவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு நட்சத்திர வீரரின் ஒப்பந்தச் செய்தியை வெளியிடும்போது, தலைப்பில் மொத்தத் தொகையைப் பெரிய எழுத்தில் போடுவதோடு, அந்த ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு என்ன வயதாகும் என்பதையும் அதே வரியில் அச்சிடுங்கள். அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. ஆடம்பர வரியைச் சராசரியால் கணக்கிடும் விதியை மாற்றுவது பற்றி அந்தப் பேச்சுவார்த்தையில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் வாசகர் ஒருவர்