போண்டாவை குட்டியா போடுங்கண்ணா: டீக்கடை மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் சாயங்காலம் எண்ணெய்ச் சட்டி முன்னாடி வேர்த்து விறுவிறுத்து நிக்கிற மாஸ்டர் அண்ணன்கள் எல்லாருக்கும் வணக்கம். உங்க டீ மேல குறையே இல்ல, சட்னியும் சூப்பர், பேச்செல்லாம் அந்த போண்டா சைஸ் பத்திதான்.

வர வர போண்டா கிரிக்கெட் பால் சைஸுக்கு வந்துடுச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாக்க கம்பீரமாத்தான் இருக்கு, ஆனா பிச்சா மேல மெல்லிசா ஒரு தோல் செவந்திருக்கு, உள்ள வெள்ளை வெளேர்னு மாவு, நடுவுல கொழகொழன்னு வெரல்ல ஒட்டுது, எப்பவாச்சும் பல்லுல சிக்குற ஒரு மிளகுதான் ஆறுதல்.

இது கணக்குப் பிரச்சனைங்கண்ணா. 3 செ.மீ. குறுக்களவு உருண்டையை 6 செ.மீ. ஆக்குனா மேல்தோல் 4 மடங்குதான் ஏறும், உள்ள போற மாவு 8 மடங்கு ஏறும், அப்ப அதே மாவுல 8 குட்டி போண்டா போட்டா மொத்த மொறுமொறுப்பு டபுள் ஆகுது! மாவு நல்லா செவந்து வாசனை வர 140 டிகிரி கிட்ட சூடு வேணும், உள்ள ஈரம் இருக்கற வரைக்கும் 100ஐ தாண்டாது, அதனால தோலுக்குள்ள இருக்கறது பொரிச்ச பண்டமே இல்ல, எண்ணெய்க்குள்ள அவிச்ச பண்டம். உருளைக்கிழங்கு போண்டாவுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு, மசாலா முன்னாடியே வெந்தது.

உடனே லட்டு மட்டும் பெருசா இருந்தா இனிக்கலையான்னு கேப்பீங்க. பூந்தியை தனித்தனியா பொரிச்சு பாகுல போட்டு அப்புறம்தானே உருட்டுறாங்க, அதை பூசணிக்கா சைஸுக்கு உருட்டினாலும் நடுவுல அதே ருசிதான். பணியாரத்துக்கு இந்த வம்பே கெடையாது, குழி சொல்றதுதான் சைஸ்.

ஆனா ராகிக்களி பக்கம் மட்டும் கை வெச்சுடாதீங்க, நம்ம ஊர்ல அது வேற சட்டம். களிக்கு தோலும் கெடையாது மொறுமொறுப்பும் கெடையாது, அதுக்கு வேண்டியது சூடு, குட்டி உருண்டை சீக்கிரம் ஆறிடும், பெரிய உருண்டைன்னா கருவாட்டுக் குழம்பு ஊத்தி ஓரத்துலேர்ந்து கிள்ளிக் கிள்ளி முழுங்கிட்டு வரும்போது நடுவுல இன்னும் ஆவி பறக்கும். ஒரு ஹோட்டல்ல ஸ்டைலா எலுமிச்சம்பழம் சைஸுல நாலு களி வெச்சாங்க, ரெண்டாவதுக்கு போறதுக்குள்ள மீதி வெறச்சுப் போச்சு, அதை களின்னு சொல்றதுக்கே மனசு வரல.

குட்டி போண்டா எண்ணெய் அதிகம் குடிக்கும்னு நீங்க சொல்றது நெசம்தான், தோல் கூடுனா எண்ணெயும் கூடத்தான் செய்யும். அதுக்கு ரெண்டு ரூபா சேத்துக்கோங்க, குடுத்துட்டுப் போறோம். பெருசா இருந்தாதான் போணி ஆகும்னா ஒண்ணு ரெண்டை கண்ணாடிப் பெட்டியில ஷோவுக்கு வெச்சுட்டு, எங்களுக்கு மட்டும் தனியா குட்டி ஈடு ஒண்ணு போட்டு எடுங்க, காரச் சட்னி கொஞ்சம் தாராளமா.