ஒரே களஞ்சியம், பல பொதிகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தனித்தனியாக இருந்த லைப்ரரிகளையெல்லாம் உங்கள் அலுவலகத்தில் ஒரே மூலநிரல் களஞ்சியத்துக்குள் (ரெப்போவுக்குள்) கொண்டுவந்துவிட்டார்கள் என்றும், அவற்றை டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல்களுக்கு நிறுவத்தக்க பொதிகளாக்கித் தரும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். மூலநிரல் ஒரே இடத்தில் இருக்கும்போது அத்தனையையும் ஒரே பொதியாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன என்று நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அன்றாடம் புழங்கும் எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித் திட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

2019 அக்டோபரில் எல்எல்விஎம் சப்வெர்ஷன் என்ற பழைய மூலநிரல் மேலாண்மை முறையை விட்டு கிட்ஹப்புக்கு வந்தபோது, எல்எல்விஎம் கரு, கிளாங் கம்பைலர், எல்எல்டி இணைப்பான், லிப்சி++ என்ற சி++ லைப்ரரி என எல்லாம் ஒரே களஞ்சியத்தின் கோப்புறைகளாயின. வெளியீட்டுக்கான அடையாளக் குறியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருக்கும் லைப்ரரிகள் பயனருக்குத் தரும் வாக்குறுதி ஒன்றல்ல. எல்எல்விஎம் கருவின் லைப்ரரியான லிப்எல்எல்விஎம் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் தன் சோநேமை, அதாவது நிரல்கள் ஓடும்போது அதைத் தேடிக்கொள்ளும் பதிப்பெண் கொண்ட பெயரை, மாற்றிக்கொள்கிறது, 18.1.0 வெளியீட்டில் அது லிப்எல்எல்விஎம்.எஸ்ஓ.18.1 ஆனது. அதனால் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கலாம். மெசா வரைகலை இயக்கி பழையதைப் பிடித்துக்கொண்டிருக்க, புதிய கிளாங் புதியதோடு ஓடும். லிப்சி++ நேர்மாறானது. அதன் சோநேம் பல ஆண்டுகளாக 1 என்ற எண்ணிலேயே நிற்கிறது. நேற்றுக் கட்டிய நிரல் நாளையும் ஓட வேண்டும் என்பது அதன் கொள்கை. ஆகவே டெபியனில் அதன் இரண்டு பதிப்புகளை ஒருசேர நிறுவ முடியாது. இந்த இரண்டையும் ஒரே பொதிக்குள் போட்டால், ஒன்றுக்கு இருக்கும் சுதந்திரத்தை மற்றொன்று பறித்துவிடும். சோநேம் வெவ்வேறு காலத்தில் மாறக்கூடிய லைப்ரரிகளைத் தனித்தனிப் பொதிகளில் வை, பொதியின் பெயரிலேயே அந்த எண்ணைச் சேர் என்று டெபியன் கொள்கை வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

இங்கே இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் குழம்புகின்றன. கட்டுவதற்கு மூலநிரலை எடுத்துக்கொள்ளும் மூலப் பொதி எத்தனை என்பது ஒன்று. பயனர் நிறுவும் பொதி எத்தனை என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு என் பதில் உறுதியானது: லைப்ரரிக்கு ஒன்று. முதலாவதில் வழங்கல்களே ஒத்துப்போகவில்லை. டெபியன் பெரும்பாலும் முழுக் களஞ்சியத்தையும் ஒரே மூலப் பொதியாக எடுத்துக் கட்டி, பல பொதிகளாகப் பிரிக்கிறது. ஃபெடோரா நெடுங்காலம் தனித்தனி மூலப் பொதிகளை வைத்திருந்து, 19ஆம் பதிப்பை ஒட்டி அவற்றில் பெரும்பாலானவற்றை ஒன்றாக்கியது. இன்னொரு வழங்கலான ஜென்டூ இன்றும் பிரித்தே கட்டுகிறது. ஆனால் வெளியீட்டின் சுருக்கக் கோப்பான முழுத் தொகுப்பிலிருந்து அந்தந்தப் பகுதிக்குத் தேவையான கோப்புறைகளை மட்டும் அவிழ்த்துக்கொள்கிறது.

ஃபெடோரா ஏன் அப்படி மாறியிருக்கும் என்பதைப் பொதி கட்டுகிறவன் என்ற முறையில் என்னால் நன்றாகவே உணர முடிகிறது. ஒரே களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்துக் கோப்புறை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டும் முறையைச் சொல்லும் பொதுவான சிமேக் கோப்புகளை யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு உச்சிக் கோப்புறைக்கு நகர்த்துவார். முழு மரத்தையும் வைத்திருப்பவருக்கு எதுவும் உடையாது. தனித் தொகுப்பை அவிழ்த்துக் கட்டுகிறவருக்கோ, அந்தக் கோப்பைக் காணோம் என்று முதல் அடியிலேயே வேலை நின்றுவிடும். எல்எல்விஎம்மில் இதுதான் நடந்தது. 15ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சிமேக் கோப்புகளுக்கென்றே தனியாக ஒரு தொகுப்பை வெளியிட வேண்டியதாயிற்று; பின்னர், சோதனைகளுக்கு வேண்டிய வெளியார் நிரல்களுக்கும் ஒன்று சேர்ந்தது.

ஒரே மூலப் பொதிக்கும் விலை உண்டு. லிப்சி++இல் ஒரு சிறு திருத்தம் வந்தாலும் கம்பைலர் முதல் பிழைத்திருத்தி வரை அத்தனையும் எல்லாக் கணினிக் கட்டமைப்புகளிலும் மறுபடி கட்டப்பட வேண்டும். வேகம் குறைந்த கட்டமைப்புகளில் அது மணிக்கணக்கில் ஓடும். இணைப்பு வேலைகள் ஒரே நேரத்தில் நான்கைந்து தொடங்கினால் நினைவகம் தீர்ந்துபோகும். 32 பிட் கணினியிலோ எவ்வளவு நினைவகம் வாங்கிப் போட்டாலும் ஒரு செயலாக்கம் 4 ஜிகாபைட்டைத் தாண்டிப் பார்க்க முடியாது. உங்கள் லைப்ரரிகள் இவ்வளவு கனமானவை அல்ல என்று நினைக்கிறேன். ஆகையால் இந்தக் கவலை உனக்குப் பாதியளவே பொருந்தும்.

நான் உன்னிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. உங்கள் தானியங்கிச் சோதனை பச்சை காட்டுகிறது என்றால், ஒரே நொடியில் எடுத்த எல்லா லைப்ரரிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பது மட்டுமே அதன் பொருள். லினக்ஸ் பயனரின் கணினியில் அந்த நொடி கிடையாது. அங்கே ஒரு லைப்ரரி சென்ற ஆண்டுப் பதிப்பாகவும், அதைச் சார்ந்தது இந்த மாதப் பதிப்பாகவும் இருக்கும். அ என்ற லைப்ரரியில் ஒரு புதிய செயற்கூறைச் சேர்த்து, அதே மாற்றத்திலேயே ஆ அதைப் பயன்படுத்தத் தொடங்கினால், ஆ-வின் சார்புக் குறிப்பில் அ-வின் குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்த வேண்டும் என்று யாருக்கும் நினைவுக்கு வராது, ஏனென்றால் மறந்ததைச் சுட்டிக்காட்ட எந்தச் சோதனையும் இல்லை. பொதி சிக்கலின்றி நிறுவப்படும். ஓட்டும்போதுதான் அந்தச் செயற்கூறின் குறியீடு கிடைக்கவில்லை என்று நிரல் விழும். அது வழங்கலின் பிழையாகப் பதிவாகி, ஊர் சுற்றிவிட்டு உன்னிடம் வந்து சேரும்.

அதனால் ஒரு சோதனையை இப்போதே சேர்க்கச் சொல். ஒவ்வொரு லைப்ரரியின் கோப்புறையையும் தனித் தொகுப்பாக வெட்டி, களஞ்சியத்துக்கு வெளியே ஒரு சுத்தமான சூழலில் அவிழ்த்து, அதன் சார்புகளாக நீங்கள் அறிவித்திருக்கும் மிகப் பழைய வெளியீடுகளை மட்டும் நிறுவிக் கட்டிப் பார்க்க வேண்டும். உரிமக் கோப்பு களஞ்சியத்தின் உச்சியில் மட்டும் இருந்தால் வெட்டிய தொகுப்பில் அது வராது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். டெபியனில் பொதியைப் பரிசீலிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

வெளியீட்டுக் குறிகளிலும் லைப்ரரியின் பெயரை முன்னொட்டாக வையுங்கள். வெறும் எண்ணாக வைத்தால், புதிய பதிப்பு வந்ததா என்று பார்க்கும் கருவிகளுக்கு எந்த லைப்ரரியின் எண் எது என்று பிரித்தறிய வழி இருக்காது.

களஞ்சியத்தை இணைப்பதையே நான் தவறென்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஜிஸ்ட்ரீமர் என்ற பல்லூடகத் திட்டத்தின் குழுவினர் 2021 செப்டம்பரில் தங்கள் களஞ்சியங்களில் பலவற்றை இணைத்தார்கள். ஆனால் வெளியிடும்போது முன்போலவே கருவைத் தனியாகவும் செருகுநிரல் தொகுதிகளைத் தனித்தனியாகவும் தந்தார்கள். பொதி கட்டுகிறவர்கள் தங்கள் கோப்புகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எழுதுகிறவர்களின் வசதியையும் பெற்றுக்கொள்கிறவர்களின் வசதியையும் பிரித்துப் பார்த்த அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன். உன் மேலாளரிடம் பேசும்போது எல்எல்விஎம்மைவிட இதை முன்னுதாரணமாகக் காட்டினால் எளிதில் ஒப்புக்கொள்வார் என்று தோன்றுகிறது.

உங்கள் லைப்ரரிகளில் மற்றவை அனைத்தும் சார்ந்திருக்கும் அடிப்படையான ஒன்றைத் தேர்ந்து, அதன் தனித் தொகுப்பை மட்டும் எனக்கு அனுப்பு. டெபியனின் சுத்தமான சூழலில் கட்டிப் பார்த்து, சோநேம், குறியீட்டுப் பட்டியல், உரிம விவரம் மூன்றையும் சரிபார்த்து எழுதுகிறேன். ஃபெடோராவுக்கான விவரக் கோப்பை நீயே எழுதத் தொடங்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் மற்ற லைப்ரரிகளுக்குப் போவோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்