வயரிங் முடியாமல் மலை எழுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

விடுமுறை இணைப்பில் வந்த மாதிரி மலை ரயில் செய்முறை பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதில் சொன்ன வரிசையில் செய்தால் ரயில் ஓடாது. மலை, புல், மரம் எல்லாம் முடிந்த பிறகு ‘கடைசியாக வயரை இணைக்கவும்’ என்று ஒரே வரி! வயரிங்கை முடித்து, ரயிலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மலையில் கை வைக்க வேண்டும்.

முதலில் அளவு. 9 மி.மீ. தண்டவாளம் டார்ஜிலிங் ரயிலுக்குப் பொருந்தும். அங்கே பாதை அகலம் 610 மி.மீ.; 1:76 அளவில் கணக்குப்படி 8 மி.மீ. வரும் என்றாலும், எளிதாகக் கிடைக்கும் 9 மி.மீ. போதும் என்பதே வழக்கம். ஊட்டி ரயில் மீட்டர் கேஜ் (1,000 மி.மீ.). 1:87 அளவில் அதற்கு 12 மி.மீ. வேண்டும். கல்லாறு–குன்னூர் இடையே எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்தண்டவாளம் வேறு இருக்கிறது. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

டார்ஜிலிங் பாதையிலுள்ள பதாசியா சுற்றில் மின் துருவம் மாறி ஷார்ட் ஆகும் என்று கட்டுரை சொல்வதும் தவறு. அது பாலத்தின் வழியே தன்னைத்தானே கடந்து ஏறும் சுருள். இடது தண்டவாளம் கடைசிவரை இடதுதான். பாதை சுற்றி வந்து, புறப்பட்ட பாயிண்டிலேயே (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) திரும்பச் சேர்ந்தால்தான் ஷார்ட் ஆகும். சுருளில் பார்க்க வேண்டியது ஏற்றத்தை. 300 மி.மீ. ஆரத்தில் ஒரு சுற்று சுமார் 1,885 மி.மீ.; அதற்குள் 60 மி.மீ. ஏறினால் ஏறக்குறைய 31-க்கு 1. நான்கு சக்கர எஞ்சினுக்கு இரண்டு மூன்று பெட்டிகளே போதும்.

இனி வயரிங். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், நீளவாக்கில் ஓட வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய வயர் இறங்கி அவற்றில் சேர வேண்டும். துண்டுகளை இணைக்கும் தகட்டை மட்டும் நம்பினால், அது தளர்ந்தோ, உள்ளே பசை புகுந்தோ மின்சாரம் நின்றுவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் கலந்த ஈயக்கம்பி. தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். பற்றவைக்கும்போது பூசும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், பிறகு அரிக்கும்.

பாயிண்டில் உள் தண்டவாளங்கள் சந்திக்கும் V வடிவப் பகுதிதான் ஃப்ராக். அது பிளாஸ்டிக்காக இருந்தால் குட்டி எஞ்சின் அதன்மேல் நின்றுபோகும். உலோக ஃப்ராக் நல்லது. ஆனால் ஃப்ராக்கிலிருந்து வெளியேறும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, பாயிண்டோடு சேர்ந்து மாறும் சுவிட்ச் வழியே ஃப்ராக்குக்கு மின்சாரம் தர வேண்டும். ஒவ்வொரு வயரையும் சேர்த்தவுடன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கன்ட்ரோலரும் எஞ்சினும் இல்லாதபோது இரு தண்டவாளங்களுக்கு இடையே பீப் ஒலி (இரண்டும் இணைந்திருப்பதன் அறிகுறி) வரக்கூடாது.

தெர்மாகோல் மலைக்குள் பி.வி.சி. வயரைப் புதைக்கச் சொன்னதுதான் பெரிய பிழை. வயர் உறையிலுள்ள மென்மையாக்கி தெர்மாகோலுக்குள் இறங்கி அதைக் கரைக்கும். உறை விறைத்து விரிசல் விடும். சில மாதம் கழித்துத்தான் தெரியும், அப்போது மலையை உடைக்காமல் வயரைத் தொட முடியாது. வயர் பலகைக்கு அடியிலேயே போகட்டும். மலையைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் கெட்டியான கன்ட்யூட் குழாய்க்குள். ரப்பர் பசையும் தெர்மாகோலைத் தின்னும், ஃபெவிகால்தான் சரி.

தண்டவாள ஜல்லிக்குச் சலித்த நுண்மணல். அதை ஒட்ட, ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு துளி, சொட்டு சொட்டாக. பாயிண்டின் நகரும் நாக்குக்கு அருகே மட்டும் பசையே வேண்டாம். பிளாஸ்டர் பூசும்போது தண்டவாளத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்கவும். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு சேரும்.

அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட்டால் நல்லது. இடம் குறைவென்றால் தெர்மாகோல்–வயர் விஷயத்தையாவது போடுங்கள். மலையை இந்நேரம் ஒட்டத் தொடங்கியிருப்பார்கள்.

மாதிரி ரயில் ஆர்வலர்கள்,
கோவை