பள்ளி வேலைகளில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பிரிவினையை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒரே பள்ளியில் படிக்கும் மாணவன், மாணவி ஆகிய இருவரின் தாய்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை

பொருள்: பள்ளி வேலைகளை ஆண், பெண் என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சுற்றறிக்கை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகள் வகுப்பில் கூட்டிப் பெருக்குவது பெண் பிள்ளைகள் மட்டும்தான். என் மகன் வகுப்பில் பெஞ்சு தூக்கக் கூப்பிடுவது பையன்களை மட்டும்தான். பள்ளி விழா என்றால் பெண் பிள்ளைகள் வாசலில் தட்டேந்தி நிற்க வேண்டும். மைக், மேடை, விளக்கு எல்லாம் பையன்கள் பொறுப்பு. போன விழாவுக்கு மைக் இணைப்பு கொடுக்கத் தானும் கற்றுக்கொள்கிறேன் என்று என் மகள் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் பசங்க பாத்துப்பாங்க, நீ போய்ப் பூத்தட்டை அடுக்கு" என்று பதில் வந்தது. அப்புறம் அவள் கேட்கவேயில்லை. என் மகன் முழங்கால் சிராய்த்து அழுதபோது, "பொம்பளப் புள்ள மாதிரி அழுவியா?" என்று அதட்டியிருக்கிறார்கள். வகுப்பில் இருந்த பெண் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆசிரியர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்யவில்லை. அவர்களும் இப்படித்தான் வளர்க்கப்பட்டார்கள். யார் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை.

வீட்டில் முதலில் சரி செய்யுங்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி, செய்கிறோம். எங்கள் வீட்டில் இருவரும்தான் பாத்திரம் கழுவுகிறார்கள். ஆனால் ஒரு நாள் மகன் கையில் தேங்காய்நாரோடு நின்று, "ஸ்கூல்ல இதெல்லாம் பொண்ணுங்கதானே செய்றாங்க?" என்று கேட்டான். பள்ளியில் நடப்பதைத்தான் அவன் சொன்னான், எப்படி மறுப்பது?

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர்தான். இந்தக் கணக்கு 6 வயது நிரம்பியவர்களிலிருந்து தொடங்குகிறது. அது பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் படிக்கும் வயது. யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதை அந்த வயதிலேயே நாம் பழக்கிவிடுகிறோம்.

பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை நம் நாடு 1993-இல் ஏற்றது. ஆண், பெண் பங்கு பற்றிய மாறாத எண்ணங்களைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் நீக்க வேண்டும், அதற்காகப் பாடநூல்களையும் கற்பிக்கும் முறைகளையும் திருத்த வேண்டும் என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. எனவே நான் கேட்பது புதிதாக எதுவும் இல்லை.

வகுப்பு வேலைகளையும் விழா வேலைகளையும் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்துக் கொடுக்கும்படி எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். இதற்குத் தனியாக நிதி தேவையில்லை. "ஆம்பளப் பையன் அழலாமா", "இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள" போன்ற பேச்சுகளைத் தவிர்ப்பது பற்றி ஆசிரியர் பயிற்சியில் ஒரு வகுப்பாவது வைக்க வேண்டும். பாடநூல்களை அடுத்த முறை அச்சிடும் முன், படங்களில் அடுப்படியில் நிற்பது யார், அலுவலகத்தில் இருப்பது யார் என்று ஒருமுறை பார்த்துத் திருத்தவும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் சுற்றறிக்கை பள்ளிகளுக்குப் போய்ச் சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)