கடாரத்தைக் கடாரத்தில் ஆடுங்கள்: ஒரு நாடகக் குழுவுக்குப் பீடோங்கிலிருந்து திறந்த மடல்

அன்புள்ள நாடகக் குழுவினருக்கு,

வணக்கம். சிலப்பதிகாரம், மனோன்மணீயம், இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் கோலாலம்பூரில் மேடையேற்றப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். இலக்கியத்தையும் வரலாற்றையும் நம்பி ஒரு தமிழ்க்குழு இந்த நாட்டில் இவ்வளவு பணமும் உழைப்பும் போடுவது சின்னக் காரியமில்லை. உங்கள் துணிவுக்கு முதலில் என் நன்றி.

இரண்டு வேண்டுகோள்களோடு எழுதுகிறேன். கடார நாடகத்தைக் கடாரத்துக்கே, அதாவது இன்றைய கெடா மாநிலத்துக்கே, கொண்டு வாருங்கள். வரும்போது, இதே மண்ணில் 1947-இல் நடந்த தோட்டத் தொழிலாளர் போராட்டத்தையும் ஒரு முழு வரலாற்று நாடகமாக இந்தப் பருவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கெடாவிலுள்ள பீடோங்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரம் சீவியவர்கள். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் மெர்போக் போய்விடலாம். அங்கேதான் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்தில், 1960-இல் மறுபடி கட்டி நிறுத்திய புக்கிட் பத்து பஹாட் சண்டி (பழங்காலக் கோயில்) ஜெராய் மலையின் அடிவாரத்தில் நிற்கிறது. மெர்போக் போகும் வழியில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2013-இல் இதே பள்ளத்தாக்கில் ஒரு வீடமைப்பு நிறுவனம் பழைய சண்டி ஒன்றை இடித்துத் தள்ளியது. அந்தச் செய்தி வந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இராசேந்திரனின் கப்பற்படை 1025-இல் வந்தது. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று அவன் மெய்க்கீர்த்தியில், அதாவது வெற்றிகளைப் பாடும் கல்வெட்டுப் பாட்டில், இந்தப் படையெடுப்பு தொடங்கும் இடம் எல்லாருக்கும் தெரியும். ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று ஊர்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடாரத்தில் முடிக்கும். மேடையில் அதைக் கம்பீரமான குரலில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நானும் தட்டுவேன். ஆனால் கடாரத்தில் பிறந்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கப்பல்கள் வந்தபோது இந்தக் கரையில் நின்றவர்கள் யார்?

மெய்க்கீர்த்தி அவர்களில் ஒருவனுடைய பெயரை மட்டும் சொல்கிறது. சிறைப்பட்ட அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன். அவனுக்கு முந்திய கடாரத்து அரசர்கள் சோழர்களின் நண்பர்கள். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டியவர்கள் அவர்கள்தான். இராசேந்திரனின் தந்தை இராசராசன் அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்தான். அதாவது அப்பா கொடை கொடுத்த அரச குடும்பத்தின் மீது, இருபது ஆண்டுகள் கழித்து மகன் படையெடுத்து வருகிறான். இதைவிட நல்ல நாடகக் கரு எங்கே கிடைக்கும்? விகாரத்துப் பிக்கு ஒருவர், இரு துறைமுகங்களிலும் சரக்கு வைத்திருக்கும் வணிகர் ஒருவர், படை வருகிற செய்தியை முதலில் கேட்கும் கடாரத்து மாலுமி ஒருவர். இந்த மூன்று பேர் இருந்தால் போதும், போர்க்களக் காட்சி இல்லாமலே நாடகம் நகரும்.

உங்கள் பிரதியை நான் பார்த்ததில்லை. கடாரத்தின் பக்கமும் அதில் பேசுகிறதென்றால் மிகவும் நல்லது. சோழனின் வெற்றி விழாவாக மட்டும் இருந்தால், எங்கள் ஊர் மேடையில் அது அரைகுறையாகத்தான் நிற்கும். எங்கள் பார்வையாளர்களில் தமிழர் மட்டும் இருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களும் சீனர்களும் வருவார்கள். இந்தக் கரையின் கதை அவர்களுடையதும்தான். மேடையோரம் மலாய் மொழியில் வசன வரிகளைத் திரையில் போட்டால் அவர்களுக்கு உதவும். தமிழ் படிக்காத எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அது தேவை.

இனி 1947.

ஜப்பானியர் காலத்தில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்குப் போனார்கள். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. இன்னும் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். போர் முடிந்து திரும்பியபோது தோட்டத்தில் அதே லயத்து வரிசை வீடு, அதே பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), அதே வெள்ளைக்காரத் துரை. மனிதர்கள்தான் மாறியிருந்தார்கள். அப்போதுதான் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் முன்னணியில் நின்றார். இளைஞர்கள் சீருடையில் அணிவகுத்தார்கள், கம்பு பிடித்துப் பயிற்சி செய்தார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடை நடத்திய காலம் அது. கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடை வழியாக நிர்வாகத்துக்கே திரும்பிப் போனது. 1947 தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை முன்னால் நடந்த மறியல் போலீசுடன் மோதலாக வெடித்தது. அந்த மாதங்களில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், பலர் கைதானார்கள்.

இந்தக் கதையை நாயகர், வில்லன் என்று எளிதாகப் பிரித்து எழுதிவிட முடியாது. குடித்தவர்களைத் தொண்டர்களே தண்டித்ததும் உண்டு. நல்ல நோக்கத்துக்காக ஒருவன் அடுத்த லயத்து அண்ணனைத் தண்டிக்கலாமா? குடியால் அடிவாங்கிய மனைவி அப்போது யார் பக்கம் நிற்பாள்? அப்புறம், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் தமிழர், வேலை வாங்கும் மண்டோரும் தமிழர், மறியலில் நிற்பவரும் தமிழர். ஒரே கோயிலில் கும்பிட்டவர்கள் எதிரெதிராக நிற்கும் அந்தக் காட்சியைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் மே தினக் கூட்டத்தில் ஐந்து நிமிடத் துணுக்காகப் போடுவதுண்டு. அது போதாது. சோழனுக்குத் தைக்கும் உடைக்கும் போடும் விளக்குக்கும் எவ்வளவு அக்கறை காட்டுகிறீர்களோ, அதே அக்கறை காக்கிச் சட்டைக்கும் கள்ளுக்கடைத் தகரக் கூரைக்கும் வேண்டும். அரசர் கதை வரலாற்று நாடகம், தோட்டக் கதை சமூக நாடகம் என்று பிரித்து வைக்கும் பழக்கத்தை உங்கள் குழு மாற்ற முடியும் என்று நம்புகிறேன். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தமும் இப்படித்தான் மேடைக்காகக் காத்திருக்கிறது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அந்தத் தொழிலாளர்கள் கேட்டார்கள். சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். ஆனால் முதலில் பீடோங்கை எடுங்கள் என்று கேட்பது என் ஊர்ப் பாசம், மறைக்கவில்லை.

மற்ற இரண்டு நாடகங்களையும் கொண்டு வாருங்கள். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் படிப்பதற்காக எழுதியது. அதை இரண்டரை மணி நேரத்துக்குள் வெட்டித்தான் ஆகவேண்டும், அந்த வேலை உங்களுக்குத் தெரியும். சிலப்பதிகாரத்தை மட்டும் எங்களுக்காக எளிமைப்படுத்த வேண்டாம். "யானோ அரசன் யானே கள்வன்" என்ற வரியை அப்படியே சொல்லுங்கள். பிடித்தம் போக மீதிக் கூலி எவ்வளவு என்று கணக்குக் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்ற பெண்கள் வாழ்ந்த ஊர் இது. கண்ணகி எதற்காக அரசவைக்குப் போனாள் என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் பவளக்கொடியும் வள்ளி திருமணமும் விடியும்வரை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாடகம் நீளமென்று அவர்கள் எழுந்து போகமாட்டார்கள்.

சில நடைமுறை விஷயங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளி நாள், வேலை நாள். அதனால் தலைநகரில் வைப்பதுபோல் ஞாயிறு மாலைக் காட்சி இங்கே வேண்டாம். வெள்ளி இரவு ஏழரைக்குத் தொடங்கினால் நல்லது. தைப்பூச வாரத்தைத் தவிருங்கள். ரயிலில் வருவதானால் சுங்கை பட்டாணியில் இறங்கலாம், வேன் ஏற்பாடு எங்கள் பொறுப்பு. நடிகர்கள் எங்கள் வீடுகளில் தங்கலாம். டிக்கெட்டை ஆளுக்கு இவ்வளவு என்று வைக்காமல் குடும்பத்துக்கு ஒன்றாக வைத்தால், ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஆறு பேரும் வருவார்கள். ஒத்திகைக்கு முந்திய நாளே வந்துவிடுங்கள். காலையில் மெர்போக் சண்டிக்கும், பிற்பகலில் 1947-ஐப் பற்றித் தங்கள் வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்த சில பெரியவர்களிடமும் அழைத்துப் போகிறேன். பிரதி எழுதுபவரும் கூட வரட்டும்.

எந்த மாதம் வசதிப்படும் என்று மட்டும் தெரியப்படுத்துங்கள். மண்டபத்துக்கு நாங்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
பீடோங்கிலிருந்து ஒரு நாடக ரசிகை