பக்கப் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

தரவுத்தள நிர்வாகத்துக்கு ஒருவரைத் தேடி மூன்று மாதமாகிறது. நாங்கள் கேட்டது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தெரிந்தவரை. ஆட்சேர்ப்பு முகவர் அனுப்பிய சுயவிபரக் கோவைகளில் பாதி எக்செல் மட்டும் தெரிந்தவர்களுடையவை! 'டேட்டா' என்று எங்கேயாவது கிடந்தால் அவருக்குப் போதும் போல.

கடந்த கிழமை வந்த தம்பிக்கு 'ஐந்து வருட அனுபவம்'. இரவு 11 மணிக்குப் பக்கப், அதாவது தரவின் காப்புப் பிரதி, எடுத்தாயிற்று. மறுநாள் பின்னேரம் 2 மணிக்கு தரவுத்தளத்தில் ஒரு டேபிள் (அட்டவணை) அழிந்துவிட்டது, இடையில் சேர்ந்த 15 மணித்தியாலத் தரவை எப்படி மீட்பீர் என்று கேட்டேன்.

"பக்கப்பை ரீஸ்டோர் பண்ணுவன், சேர்."

அது 11 மணி வரைக்கும்தானே? தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் பரிமாற்றப் பதிவுக் கோப்புகளையும் சேமித்து வந்தால், பக்கப்புக்கு மேல் அவற்றை ஓட்டி 1.59 வரை மீட்கலாம் என்பதை அவர் கேள்விப்பட்டதேயில்லை. அந்த ஐந்து வருடத்தை எழுதியதே முகவர்தானாம். தேத்தண்ணி குடிக்கும்போது தம்பியே சொன்னார், பாவம்.

பின்னேரம் முகவரின் அழைப்பு: "எப்ப வேலைக்கு எடுக்கிறியள்?"

தரவுத்தள நிர்வாகி ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.